ஸ்டேஷன்: ரயில் வராத ஊருக்கும் ஏன் அந்தப் பெயர்?

கேள்வி இதுதான்: ‘ஸ்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அசல் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது? கூடவே ஒரு துணைக்கேள்வி: கொடைக்கானலுக்கு ரயிலே கிடையாது, கீழே கொடைரோட்டில் இறங்கி பஸ் பிடித்துத்தான் மலை ஏற வேண்டும், அப்புறம் அதை எப்படி ஹில் ஸ்டேஷன் என்கிறார்கள்?

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும். அதனால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

ஸ்டேஷன் என்றால் ‘நிற்கும் இடம்’. அவ்வளவுதான். ஆனால் அங்கே நிற்பது எது, யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ரயிலைப் பார்த்துப் பழகிய நமக்கு அது வண்டி வந்து நிற்கும் இடம். சொல்லின் பழைய பொருளோ ஆள் நிற்கும் இடம், அதாவது ஒருவர் தன் வேலைக்காக, காவலுக்காக, கடமைக்காக நிறுத்திவைக்கப்பட்ட இடம். போலீஸ் ஸ்டேஷனுக்குள் எந்த வண்டியும் வந்து நிற்பதில்லை, ஃபயர் ஸ்டேஷனில் பயணிகள் யாரும் ஏறுவதில்லை, ஆனாலும் அவை ஸ்டேஷன்கள்தான், ஏனென்றால் அங்கே ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். ஹில் ஸ்டேஷனும் இந்த வகையைச் சேர்ந்தது.

நான் குன்னூர்க்காரன், பல வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். எங்கள் மலையில் இந்த ஒரு சொல் ஊருக்கு ஊர் பொருள் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். குன்னூரில் ‘ஸ்டேஷன் பக்கத்துல நிக்கிறேன்’ என்று போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ரயில்வே ஸ்டேஷன் என்று எடுத்துக்கொள்வார். ‘ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க’ என்றால் அதே குன்னூரில் அது போலீஸ் ஸ்டேஷன். கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போய்விட்டால் இந்தக் குழப்பமே இல்லை, அங்கே ரயில் கிடையாது, ஸ்டேஷன் என்றாலே போலீஸ்தான். வெலிங்டனில் ராணுவக் குடும்பங்களிடம் பேசினால் மூன்றாவது பொருள் ஒன்று வரும்: ‘இதுக்கு முன்னாடி எந்த ஸ்டேஷன்ல இருந்தீங்க?’ இங்கே ஸ்டேஷன் என்றால் வீட்டுக்காரருக்குப் பணி போட்டிருந்த ஊர். மூன்று பொருளில் வயதில் மூத்தது இந்த வெலிங்டன் பொருள்தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். லத்தீன் மொழியில் ‘ஸ்தாரே’ என்றொரு வினைச்சொல், ‘நிற்பது’ என்று பொருள். அதிலிருந்து ‘ஸ்தாதியோ’ என்ற பெயர்ச்சொல் பிறந்தது: நிற்றல், நிற்கும் இடம். ரோமானியப் படையில் காவலுக்கு ஆள் நிறுத்தும் சாவடியையும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஏறக்குறைய 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அதற்கு இருந்த பொருள், ஒருவருக்கு உரிய இடம், அவர் இருக்க வேண்டிய இடம். அப்போது உலகில் எந்த ரயிலும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு பழைய பொருள் நன்றாகத் தெரியும். தவக்காலத்தில் கொடைக்கானல் சலேத் மாதா கோயிலானாலும் ஊட்டியில் உள்ள எந்தக் கத்தோலிக்கக் கோயிலானாலும் சிலுவைப் பாதை நடக்கும். இயேசு சிலுவை சுமந்து போன வழியில் 14 இடங்களில் நின்று நின்று ஜெபம் சொல்லிப் போவார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒவ்வொரு இடமும் ஒரு ஸ்டேஷன். தமிழில் ‘முதலாம் நிலை, இரண்டாம் நிலை’ என்பார்கள், பெரியவர்கள் சிலர் இன்னும் ‘ஸ்தலம்’ என்றும் சொல்வார்கள். இந்த ‘நிலை’ என்ற மொழிபெயர்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்பி வரப்போகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோது இந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்தார்கள். தங்கள் அதிகாரிகளையும் படையையும் எந்த ஊரில் நிறுத்தினார்களோ அந்த ஊர் ஸ்டேஷன். கலெக்டரும் நீதிபதியும் இருந்தால் சிவில் ஸ்டேஷன், பட்டாளம் இருந்தால் மிலிட்டரி ஸ்டேஷன். பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதிக்கு 1947 வரைக்கும் ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்பதே அரசாங்கப் பெயராக இருந்தது. அது ஒரு கட்டடத்தின் பெயரில்லை, மக்கள் வாழ்ந்த ஒரு முழு நகரப் பகுதியின் பெயர். ஊரில் இருக்கும் வெள்ளைக்கார அதிகாரிகள், அவர்கள் குடும்பங்கள் எல்லோரையும் சேர்த்துக்கூட ‘ஸ்டேஷன்’ என்று சொல்லும் வழக்கம் இருந்தது. ‘ஸ்டேஷன் முழுவதும் விருந்துக்கு வந்திருந்தது’ என்று அந்தக் காலத்து ஆங்கிலத்தில் எழுதினால் அதில் தப்பில்லை.

இப்படி நிறுத்திவைக்கப்பட்ட ஆட்களுக்குச் சமவெளி வெயிலும் காய்ச்சலும் தாங்கவில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறி வந்தார், கோத்தகிரி பக்கத்தில் திம்பட்டியில் வீடு கட்டினார், அடுத்த சில வருடங்களில் ஊட்டியில் கல் பங்களா எழுந்தது. முதலில் உடம்பு தேறுவதற்கான இடமாக, பிறகு நிரந்தர அதிகார இடமாக ஊட்டி மாறி, சென்னை மாகாண அரசாங்கமே வெயில் காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார ஆரம்பித்தது. ஜக்கதளா பக்கம் படைவீடுகள் கட்டி, பிறகு அந்த இடத்துக்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். சமவெளியில் இருந்தவை வெறும் ஸ்டேஷன்கள், மலைமேல் இருந்தவை ஹில் ஸ்டேஷன்கள். அவ்வளவுதான் அந்தப் பெயரின் கதை.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும். அது அவர்களுக்குத்தான் ஸ்டேஷன். தோடர்களுக்கு அது மந்து, ஒட்டகமண்ட் என்ற பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மந்துதான். படகர்களுக்கு அது ஹட்டி, ‘திம்பட்டி’யின் பின்பாதியில் இருப்பது அந்த ஹட்டி. யாரையும் யாரும் அங்கே கொண்டுவந்து நிறுத்திவைக்கவில்லை, அவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள். ‘ஊட்டியை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான்’ என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்கள் உண்டாக்கியது ஸ்டேஷனை, மலையையோ ஊர்களையோ இல்லை.

பழனி மலையிலும் ஏறக்குறைய இதே கதை, ஆட்கள்தான் வேறு. மதுரையில் ஊழியம் செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குத் தப்பி 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பிறகு அதிகாரிகளும் மற்றவர்களும் வந்தார்கள். அதனால் அதுவும் ஹில் ஸ்டேஷன் என்ற வரிசையில் சேர்ந்துகொண்டது. கொடைரோடு ரயில் நிலையம் இருப்பது அம்மையநாயக்கனூரில், கொடைக்கானலிலிருந்து சாலை வழியாகச் சுமார் 80 கி.மீ. அந்த நிலையத்துக்கும் ‘ஹில் ஸ்டேஷன்’ என்பதில் உள்ள ஸ்டேஷனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரயில் வந்திருந்தாலும் வராமல் போயிருந்தாலும் கொடைக்கானலுக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்கும்.

வருடங்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தில் லிவர்பூல், மான்செஸ்டர் நகரங்களுக்கு இடையே ரயில் ஓட ஆரம்பித்தது 1830இல். நம் மாகாணத்தில் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856இல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்குப் போனது 1908இல். சலிவன் மலை ஏறியதற்கும் ஊட்டிக்கு ரயில் வந்ததற்கும் நடுவில் 89 வருடங்கள். இத்தனை காலமும் ஊட்டி, ரயில் இல்லாத ஸ்டேஷனாகத்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் ரயில்வேக்கு இந்தச் சொல் எப்படிப் போனது? ரயிலுக்கு முன்னால் நீண்ட தூரம் போனவை குதிரை வண்டிகள். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை நின்று, களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரையைப் பூட்டுவார்கள். அந்த இடங்களை ஸ்டேஷன் என்று சொல்லும் பழக்கம் வந்தது, ரயில்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மலை ரயிலில் போனவர்களுக்கு இது உடனே புரியும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு 12 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறும் அந்த நீராவி இன்ஜினுக்குக் குதிரை மாதிரியே தாகம் எடுக்கும். ஹில்குரோவில் நிற்கும், ரன்னிமீடில் நிற்கும். அங்கே இறங்கி ஊருக்குள் போகிற பயணி யாரும் இல்லை, ஏனென்றால் அங்கே ஊரே இல்லை, காடுதான், குரங்குகள்தான். இன்ஜின் தண்ணீர் குடிப்பதற்காகத்தான் அந்த நிலையங்கள். சின்ன வயதில் ஹில்குரோவில் இறங்கி டீ குடித்துவிட்டு, இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஸ்டேஷன் என்ற சொல் குதிரை வண்டிக் காலத்திலிருந்து ரயிலுக்கு மாறிய கதை கண்முன்னே நடப்பது போல இப்போது தோன்றுகிறது.

ஆள் நிற்கும் ஸ்டேஷன் என்ற பழைய பொருளும் சாகவில்லை, புதிது புதிதாகக் கிளைத்துக்கொண்டே இருக்கிறது. பவர் ஸ்டேஷன், ரேடியோ ஸ்டேஷன், ரிசர்ச் ஸ்டேஷன் எல்லாம் இந்தக் கிளைதான். கொடைக்கானலில் ரயில் ஸ்டேஷன் இல்லையே தவிர ரேடியோ ஸ்டேஷன் உண்டு, கோடை பண்பலை 100.5 என்றால் தென்மாவட்டங்களில் தெரியாதவர் குறைவு. ஊட்டியில் முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், குன்னூரில் பழ ஆராய்ச்சி நிலையம், இதற்கு ‘பொமாலஜிக்கல் ஸ்டேஷன்’ என்று ஆங்கிலப் பெயர். சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு இன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஓர் ஆஸ்திரேலியரிடம் ‘ஷீப் ஸ்டேஷன்’ என்று சொன்னால் அவர் ஆராய்ச்சி நிலையத்தை நினைக்க மாட்டார், ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆடு மேயும் பெரிய பண்ணையை நினைப்பார், அங்கே பண்ணைக்கே ஸ்டேஷன் என்றுதான் பெயர்.

விண்வெளி நிலையத்தையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றி ஓடுகிறது, ஒரு நொடிகூட நிற்பதில்லை. வண்டி நிற்கும் இடம் என்ற பொருளை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் பெயரே தப்பு. ஆட்கள் பணிக்காக நிறுத்தப்பட்ட இடம் என்று பார்த்தால் மிகச் சரி. வெலிங்டன் பொருள்தான் வானத்துக்குப் போயிருக்கிறது.

இப்போது ‘நிலை’க்கு வருகிறேன். லத்தீனில் ‘நிற்பது’ என்ற வினையிலிருந்து என்னென்ன கிளைத்ததோ, ஏறக்குறைய அத்தனையும் தமிழில் ‘நில்’ என்பதிலிருந்து கிளைத்திருக்கிறது. நில், நிலை, நிலைமை, நிலுவை, நிறுத்தம். ஸ்டேஷன் என்பதற்கு இணையான சொல் ரயில் வருவதற்கு வெகு காலம் முன்பே நம்மிடம் இருந்தது. ஊட்டி மாரியம்மன் கோயில் தேரோ திருவாரூர்த் தேரோ, வீதி சுற்றி வந்து கடைசியில் நிற்கிற இடத்துக்கு என்ன பெயர்? நிலை. ‘தேர் நிலைக்கு வந்துருச்சு’ என்பார்கள். தேர் கிளம்பும் இடமும் அதுதான், திரும்பி வந்து சேரும் இடமும் அதுதான். ஒரு வாகனம், அதற்கென்று ஓரிடம், அங்கே கூடும் மக்கள்: ரயில்வே ஸ்டேஷன் என்றால் என்ன என்பதைத் தேர் இழுத்த ஒருவருக்கு விளக்கவே தேவையில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘ஸ்டேஷன் என்ற சொல்லே தமிழ் நிலையிலிருந்து போனது’ என்று எழுதுகிறார்களே, அதை நம்பாதீர்கள். இரண்டும் வேறு குடும்பம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்மையாகவே இருக்கின்றன, கட்டுமரமும் சுருட்டும் போயிருக்கின்றன, அவற்றைப் பெருமையாகச் சொல்வோம். இல்லாத உறவைச் சொன்னால் இருக்கிற உறவையும் யாரும் நம்ப மாட்டார்கள். நில்லும் ஸ்டேஷனும் ஒரே கருத்தை இரண்டு மக்கள் தனித்தனியாக யோசித்ததன் விளைவு, எனக்கு அதுவே பெரிய அழகாகத் தெரிகிறது.

ஸ்டேஷனுக்கு நம் பக்கத்தில் ரத்த உறவு வேண்டுமென்றால் அது வடமொழியில் இருக்கிறது. லத்தீனும் வடமொழியும் ஒரே மூல மொழியிலிருந்து பிரிந்தவை, இரண்டுக்கும் பொதுவான வேர் ‘ஸ்தா’, நிற்றல். ஸ்தானம், ஸ்தாபனம், ஸ்திரம், அவஸ்தை, நிஷ்டை, பிரதிஷ்டை எல்லாம் இதிலிருந்து வந்தவை. பாரசீகத்தில் இதே வேர் ‘ஸ்தான்’ ஆகி ஆப்கானிஸ்தானின் கடைசியில் நிற்கிறது. கோயிலில் அம்மனைப் பிரதிஷ்டை செய்வதும் ஒரு ராணுவ வீரரை வெலிங்டனில் ஸ்டேஷன் செய்வதும் வேர் அளவில் ஒரே செயல்: நிற்கவைப்பது.

‘நிலையம்’ பற்றியும் கேட்பீர்கள். அது நிலையிலிருந்து வந்தது என்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. வடமொழியில் ‘நிலய’ என்று ஒரு சொல் உண்டு, உறைவிடம் என்று பொருள், அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. என் கருத்து, மூலம் எதுவாக இருந்தாலும் இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுப்பது நம் ‘நில்’தான், காவல் நிலையம் என்று கேட்கும்போது தமிழ்க் காது நிற்பதைத்தான் கேட்கிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எங்கள் மலையில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வாயில் வரும் சொல் எஸ்டேட். தேயிலை எஸ்டேட், காபி எஸ்டேட், எஸ்டேட் பஸ், எஸ்டேட் லைன் வீடு. இந்த எஸ்டேட்டும் ஸ்டேஷனும் அக்கா தங்கை. லத்தீன் ‘ஸ்தாரே’யிலிருந்து ‘ஸ்தாதுஸ்’, நிற்கும் விதம், நிலைமை. அது பிரெஞ்சில் ‘எஸ்தாத்’ ஆனது. ஆங்கிலத்தில் ஒருவரின் நிலைமை, பிறகு சமூக அந்தஸ்து, பிறகு அந்த அந்தஸ்தைத் தாங்கும் சொத்து, பிறகு நிலபுலன், கடைசியில் நம் மலையில் தேயிலைத் தோட்டம். ஸ்டேட், ஸ்டேட்டஸ் என்ற சொற்களும் இதே வீட்டுப் பிள்ளைகள்.

ஸ்டேட்டுக்கு முன்னால் ஒரு ‘எ’ எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். என் பாட்டி கடைசி வரைக்கும் ‘இஸ்டேசன்’ என்றுதான் சொன்னார். பள்ளிக்கூடம் போன நாங்கள் சிறுவயதில் அதைத் திருத்துவோம். பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது, ரோமானியப் பேரரசின் சாதாரண மக்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள். ‘ஸ்’ என்ற மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல் தொடங்கினால் நாக்குக்குக் கஷ்டம், அதனால் முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் பழைய பிரெஞ்சில் எஸ்தாசியோன், எஸ்தாத் எல்லாம் வந்தன, ஸ்பானிஷில் இன்றைக்கும் ரயில் நிலையத்துக்கு ‘எஸ்தாசியோன்’ என்றுதான் பெயர். ஆங்கிலம் ஸ்டேஷனில் அந்த உயிரை விட்டுவிட்டது, எஸ்டேட்டில் வைத்துக்கொண்டது. பாட்டி இஸ்டேசன் என்றதும் பிரெஞ்சுக்காரர் எஸ்தாத் என்றதும் ஒரே காரணத்தால். ஒன்றைத் தப்பு என்றும் மற்றதை மொழி வளர்ச்சி என்றும் சொல்வது நியாயமே இல்லை. இன்று வகுப்பில் எந்தப் பிள்ளையாவது ‘இஸ்கூல்’ என்று சொன்னால் நான் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் ஆங்கில உச்சரிப்பைச் சொல்லித்தருவேன்.

அக்கா தங்கைகள் இன்னும் இருக்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் ‘அடுத்த ஸ்டேஜ்’ என்று சொல்லிக்கொண்டே சீட்டு கிழிக்கிறாரே, அந்த ஸ்டேஜும் ‘ஸ்தாரே’தான். நாடக மேடையும் அதே ஸ்டேஜ்தான், நடிகர் நிற்கும் இடம். பஸ் ஸ்டாண்டில் இருக்கும் ஸ்டாண்டு லத்தீன் வழி வந்ததில்லை, ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ஆனால் மூல வேர் அதேதான். போலீஸ் கான்ஸ்டபிள்? லத்தீனில் ‘குதிரை லாயத்தின் தலைவர்’ என்ற பதவிப் பெயர் அது, லாயம் என்றால் குதிரை நிற்கும் இடம். ஆக ஒரு கான்ஸ்டபிள் ஸ்டேஷனில் நிற்கிறார் என்று சொன்னால் மூன்று சொற்களிலும் நிற்பதே வருகிறது. இன்னொன்று: பின்பக்கம் சாமான் வைக்க நீளமாக இடம் விட்ட காரை அமெரிக்கர்கள் ‘ஸ்டேஷன் வேகன்’ என்கிறார்கள், ரயில் நிலையத்துக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப்போன வண்டி என்பதால். பிரிட்டிஷ்காரர்கள் அதே வண்டியை ‘எஸ்டேட் கார்’ என்கிறார்கள், பண்ணைச் சொத்து உள்ளவர்கள் வைத்திருந்ததால். இரண்டு பெயரும் சுற்றிச் சுற்றி ஒரே வேருக்கு வருகின்றன.

ஸ்டேஷனரி கடைக்கும் இதில் பங்கு உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வியாபாரிகள் ஊர் ஊராகச் சுற்றி விற்றவர்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிப் புத்தகமும் எழுதுபொருளும் விற்றவர்கள் மட்டும் ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டார்கள், அதனால் அவர்களுக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557இல் அரச சாசனமே கிடைத்தது. அவர்கள் விற்றது ஸ்டேஷனரி. ‘அசையாமல் நிற்கிற’ என்ற பொருள் கொண்ட இன்னொரு ஸ்டேஷனரியும் உண்டு, உச்சரிப்பு ஒன்றேதான், எழுத்தில்தான் வேறுபாடு. கடைப் பலகையில் பல இடங்களில் மாற்றி எழுதியிருப்பார்கள். எழுதுபொருள் என்றால் ‘என்வலப்’ தொடங்கும் ‘இ’ எழுத்துதான் கடைசி ‘ஆர்’ எழுத்துக்கு முன்னால் வரும், இப்படி நினைவு வைத்துக்கொண்டால் தப்பு வராது.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில. ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், ‘சார் ஸ்டேஷன்ல இல்ல, திங்கக்கிழமை வாங்க’ என்று அலுவலகங்களில் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ஊரில் இல்லை என்று பொருள். இது கம்பெனிக் காலத்து ஸ்டேஷன், அப்படியே மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு லண்டனில் இருப்பவரிடம் சொன்னால் அவர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார். இந்திய ஆங்கிலத்தில் இது தப்பு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை, 200 வருடமாக இங்கே வாழும் பொருள் அது. வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது மட்டும் ‘அவுட் ஆஃப் டவுன்’ என்று எழுதுங்கள், போதும்.

அந்தஸ்து என்ற பொருளும் ஆங்கிலத்தில் இன்னும் இருக்கிறது, பழைய கதைகளைப் படிக்கும்போது வரும். ஒருவர் தன் ‘ஸ்டேஷனுக்கு’ மேலே பெண் எடுத்தார் என்றால் ரயில் சம்பந்தமே இல்லை, தன் நிலைக்கு மேலே என்று பொருள். தமிழிலும் ‘நம்ம நிலைக்கு மீறின இடம்’ என்று சம்பந்தம் பேசும்போது சொல்கிறோமே, அதேதான். வினையாக வரும்போது ‘நிறுத்திவைப்பது, பணியமர்த்துவது’ என்று பொருள். முன்னிடைச் சொல்லைப் பற்றி: சந்திக்கும் இடமாகச் சொன்னால் ‘அட் த ஸ்டேஷன்’, கட்டடத்துக்கு உள்ளே என்று அழுத்தமாகச் சொன்னால் ‘இன் த ஸ்டேஷன்’.

கடைசியாக மொழிபெயர்ப்பு. ஸ்டேஷன் என்றால் உடனே நிலையம் என்று போட்டுவிடக் கூடாது, இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. ஓட்டுப் போடும் ஸ்டேஷன் நமக்கு வாக்குச்சாவடி. பெட்ரோல் ஸ்டேஷன் நமக்கு பெட்ரோல் பங்க். பைக்காராவில் 1932இல் வந்த நீர்மின் நிலையத்தை எழுத்தில் மின் நிலையம் என்போம், இங்கே பேச்சில் எல்லோருக்கும் அது பவர் ஹவுஸ். தலைகீழாகவும் நடக்கும்: விமான நிலையம், நூல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று நாம் நிலையம் சேர்க்கும் இடங்களில் ஆங்கிலம் ஸ்டேஷன் என்று சொல்வதே இல்லை. ஹில் ஸ்டேஷனை ‘மலை நிலையம்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது, மலை வாசஸ்தலம் என்றோ மலை வாழிடம் என்றோ எழுதுங்கள். கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கி ‘ஸ்டேஷன் எங்கே’ என்று கேட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வழி காட்டுவார்கள், ஊருக்குத் திரும்ப ரயில் பிடிக்க வேண்டுமென்றால் ‘கொடைரோடு பஸ் எங்கே நிற்கும்’ என்று கேளுங்கள்.